நான்காம் பாகம், பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு

கிரேக்க நிலம் தீர்ந்துபோகும் தேனாரோ முனையில்
கார் நிறுத்துமிடத்துக்குக் கீழே ஒரு குகை.
அதுதான் பாதாளத்தின் வாசல் என்று
நெடுங்காலமாகச் சொல்கிறார்கள்.
கூட்டம் வருவது நாலு வருஷமாகத்தான்.

காரணம் ஒரு புத்தக வரிசை.
மூன்று பிள்ளைகள், ஒரு திருட்டுப் படகு,
கோபித்துக்கொண்டு போன கடவுள்கள்.
நான்காம் பாகத்துக்குக் 'கருமணல் வாசல்' என்று பெயர்.
இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் விரலைச் செருகியபடி
வாடகைக் காரிலிருந்து குதிக்கும் பிள்ளைகள்
வெயிலில் உரிந்த மூக்கோடு கேட்பார்கள்:
"வாசல் எங்கே?"

ஸ்தமாத்தாவுக்குப் பதினொரு வயது.
அப்பாவின் உணவகத்தில் மேஜை துடைப்பவள்.
அந்தப் புத்தகத்தை அவள் படித்ததில்லை.
விலை பதினாறு யூரோ. கடை இருப்பதோ
ஒன்றரை மணி நேர மலைப்பாதைக்கு அப்பால்.
வந்தவர்கள் சொல்லச் சொல்லக் கேட்டே
கதையில் முக்கால்வாசி தெரிந்துகொண்டாள்.
மீதிக் காலை அவளே இட்டுக்கட்டினாள்:

"படகோட்டிக்குக் காசு தரணும். ஒரு யூரோ.
சில்லறையா வேண்டாம், அவருக்குக் கண் மங்கல்."

காசு தகர டப்பாவுக்குள் போகும்.
கனேலா, அந்த இலவங்கப்பட்டை நிற நாய்,
குகைக்குள் ஓடி ஒருமுறை குரைக்கும்.
பாறை அதை மூன்றாக்கித் திருப்பும்.
மூன்று தலை!
அலறிக்கொண்டு ஐஸ்கிரீம் பக்கம் ஓடுவார்கள்.
நல்ல வியாபாரம். யாருக்கும் நஷ்டமில்லை.

ஆகஸ்ட் கடைசியில் எஸ்பென் வந்தான்,
டென்மார்க்கிலிருந்து. கையில் புத்தகம் இல்லை.
இரண்டு நாணயங்களை நீட்டினான்.

"ஒருத்தருக்கு ஒன்று போதும்."
"ஒன்று நான் உள்ளே போக," என்றான்.
"இன்னொன்று மலேனே வெளியே வர.
என் அக்கா. ஐந்தாம் பாகம் வந்தது
அவளுக்குத் தெரியாது."

ஸ்தமாத்தா நாயைக் கம்பத்தில் கட்டினாள்.
உள்ளே ஆட்டுப் புழுக்கை, யாரோ விட்டுப்போன தண்ணீர் பாட்டில்,
கால் வைத்தால் புரளும் கற்கள்.
அவன் வாயருகே கைகுவித்தான்.

"மலேனே!"

பாறை யோசித்தது.
பிறகு வாலை மட்டும் திருப்பிக் கொடுத்தது:
நே...
நே...

கிரேக்க மொழியில் 'நே' என்றால் 'ஆம்'.
அவனுக்குத் தெரியாது.
இவளுக்குத் தொண்டை வறண்டது.
கோடை முழுக்க யூரோவுக்கு ஒரு பொய் விற்றவள்.
இப்போது கையில் ஒரு நிஜம்,
என்ன விலை போடுவதென்று தெரியவில்லை.

சொல்லாமல் விட்டால் வெறும் எதிரொலி.
சொன்னால்?
அவன் கேள்வி எதுவும் கேட்கவில்லையே,
பெயரைத்தானே கூப்பிட்டான்.
வகுப்பில் பெயர் கூப்பிட்டால் சொல்வோமே,
அந்த மாதிரி ஒரு நே:
உள்ளேன்.

சொன்னாள். அவள் இங்கிலீஷ் நொண்டியது.
அவன் அழவில்லை.
இன்னொரு முறை கூப்பிட்டான், மெதுவாக,
அடுத்த அறையில் இருப்பவளைக் கூப்பிடுவதுபோல.
அவ்வளவு மெதுவாகக் கூப்பிட்டால் பாறைக்குக் கேட்காது.
அவனுக்கு அது பரவாயில்லை போலிருந்தது.

வெளியே வந்து இரண்டாவது நாணயத்தைத் திருப்பித் தந்தாள்.
"திரும்பி வர இங்கே டிக்கெட் இல்லை."
முதல் நாணயத்தைத் தரவில்லை.
அவன் உள்ளே போனது உண்மைதானே.

டிசம்பரில் கூட்டம் நின்றது. கடல் சாம்பலாயிற்று.
டப்பாவைக் கவிழ்த்து எண்ணி, கீதியோ போய்,
நான்காம் பாகம் வாங்கினாள்.
பேருந்திலேயே இருநூற்றுப் பன்னிரண்டுக்குத் தாவினாள்:
கருமணல். சிவப்பு விளக்கு. வெண்கலக் கதவு, ஏழு பூட்டு.
எழுதியவர் இந்தப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை.

பென்சில் முனையை எச்சில் தொட்டு
ஓரத்தில் திருத்தினாள்:

மணல் இல்லை. கூழாங்கல்.
கதவு கிடையாது.
நாய்க்குத் தலை ஒன்று. பெயர் கனேலா.

வளைவில் பேருந்து குலுங்க, எழுத்து கோணியது.
கொஞ்சம் பொறுத்து இதையும் சேர்த்தாள்:

கூப்பிட்டால் பதில் வரும்.
சத்தமாகக் கூப்பிட வேண்டும்.